மலையில் இருந்துகொண்டு முதல் பேஸ் கிட்டார் வாங்குவது எப்படி

பேஸ் கிட்டார் வாங்கக் கடைக்குப் போகும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். சுவரில் தொங்குவதில் நிறம் பிடித்த ஒன்றைக் கைகாட்டுவார்கள். கடைக்காரர் அதை ஆம்ப்பில், அதாவது ஒலிபெருக்கிப் பெட்டியில், செருகிக் கொடுப்பார். தடித்த கம்பியைத் தட்டியதும் தரை அதிரும், மனசும் அதிரும், உடனே பணம் கட்டிவிடுவார்கள். கோயம்புத்தூரிலேயே குடியிருப்பவருக்கு இதனால் பெரிய நஷ்டம் வராது. ஏதாவது சரியில்லை என்றால் மறுநாள் சாயங்காலம் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டிவிடலாம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அப்படி முடியாது. இங்குள்ள சிறிய கடைகளில் சாதாரண கிட்டார் வரிசையாகத் தொங்கும். பேஸ் ஒன்றோ இரண்டோ இருந்தால் அதிர்ஷ்டம். நாலைந்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் மலை இறங்கித்தான் ஆக வேண்டும். ஊட்டியிலிருந்து கோவை ஏறத்தாழ 85 கிலோமீட்டர், போக வர ஒரு நாள் போய்விடும். கொடைக்கானல்காரர்களுக்கு மதுரையோ திண்டுக்கல்லோ, நிலைமை அதேதான்.

ஆகவே கடையில் இருக்கும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. கீழே கடையில் சரியாக இருந்த பேஸ் மலைக்கு வந்ததும் கொஞ்சம் மாறும். காற்றின் ஈரம் மாறினால் மரம் அசையும். பேஸில் அதிகம் அசைவது நெக், அதாவது ஃப்ரெட் என்னும் உலோகக் கட்டைகளைக் குறுக்கே பதித்த அந்த நீண்ட கழுத்து. அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான்: நெக்கைப் பார்த்து வாங்குங்கள். ஒலி பிடிக்கவில்லை என்றால் கம்பி மாற்றலாம், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பை மாற்றலாம், பிறகு நல்ல ஆம்ப் வாங்கலாம். நெக் முறுக்கிக்கொண்ட பேஸை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

போவதற்கு முன்

முதலில் கடைக்கு ஒரு போன் போடுங்கள். "அண்ணா, பேஸ் கிட்டார் எத்தனை இருக்கு? வாசிச்சுப் பார்க்க பேஸ் ஆம்ப் வச்சிருக்கீங்களா?" இந்த இரண்டு கேள்வி போதும். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் பெட்டி பிரிக்கவில்லை என்றால் அந்தக் கடைக்காக மலை இறங்க வேண்டாம். சனி, ஞாயிறு சாயங்காலமும் வேண்டாம். கடையில் நாலு பேர் ஒரே நேரத்தில் வாசித்துக்கொண்டிருப்பார்கள், உங்கள் கம்பி உங்களுக்கே கேட்காது. வார நாளில் கடை திறந்த கையோடு போய்விடுவது நல்லது.

பையில் சுருதி காட்டும் க்ளிப் ட்யூனர் ஒன்று, ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு விசிட்டிங் கார்டு. ஸ்கேலில் மில்லிமீட்டர் கோடு விளிம்பிலிருந்தே தொடங்க வேண்டும். விளிம்புக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் இடம் விட்ட ஸ்கேல் இந்த வேலைக்கு ஆகாது. இடதுகை நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். கிட்டார் வாசிக்கத் தெரிந்த நண்பர் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் வாசிக்கும்போது தள்ளி நின்று கேட்க ஒரு காது வேண்டும், உங்களோடு சேர்ந்து கிட்டாரில் கார்டு (பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கும் chord) பிடித்து வாசிக்க ஒரு கை வேண்டும்.

எத்தனை கம்பி என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். முதல் பேஸ் நான்கு கம்பியாகவே இருக்கட்டும். தடித்ததிலிருந்து மெல்லியதுக்கு ஈ, ஏ, டி, ஜி. ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், ஜி கம்பி 98 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி பேஸில் ஈக்கும் கீழே ஒரு பி கம்பி வரும், அது 31 ஹெர்ட்ஸ். சர்ச் பாட்டுக் குழுவில் வாசிப்பவர்கள் ஐந்து கம்பி வேண்டும் என்பார்கள். அது தேவைப்படும் நாள் வரட்டும், அப்போது வாங்கிக்கொள்ளலாம். விலை குறைந்த ஐந்து கம்பி பேஸ்களில் அந்த பி கம்பி தொளதொளவென்று இருக்கும், சுரம் தெளிவாக நிற்காது.

அப்புறம் நீளம். 1951இல் அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டரின் ப்ரிசிஷன் பேஸ் 34 அங்குல ஸ்கேலில் வந்தது. கம்பி அதிரும் நீளம்தான் ஸ்கேல். இன்று கடையில் தொங்குவதில் பெரும்பாலானவை அதே 34 அங்குலம்தான். இந்த நீளத்தில் நெக்கின் தலைமுனையிலிருந்து முதல் ஃப்ரெட் வரையிலான தூரம் மட்டும் 48 மில்லிமீட்டருக்கு மேல் வரும். சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரில் அது 36தான். கிட்டாரிலிருந்து வருபவர்களுக்கு விரல் எட்டாமல் திகைப்பாக இருப்பது இதனால்தான். கை சிறியது என்றாலோ, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வாங்குவதென்றாலோ 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். எல்லாக் கடையிலும் இருக்காது. இடதுகைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதே யோசனைதான், கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. பெயருள்ள கம்பெனிகளின் தொடக்க நிலை பேஸ்கள், யமஹா, ஐபனேஸ், ஸ்க்வையர், கோர்ட் போன்றவை, பெரும்பாலும் 15,000 முதல் 25,000 ரூபாய்க்குள் கிடைக்கும். ஆம்ப், கேபிள், ஸ்ட்ராப், பஞ்சு வைத்த பை எல்லாம் தனி. கையிலிருக்கும் பணம் முழுவதையும் பேஸுக்கே ஒதுக்கிவிட்டால் வீட்டுக்கு வந்து சத்தமில்லாமல் வாசிக்க வேண்டியதுதான்.

கையில் எடுக்கும்போது

மலையிலிருந்து போகிறவர்கள் மேலே ஜெர்கின் போட்டிருப்பார்கள். அதைக் கழற்றிவிட்டு எடுங்கள். ஜிப்பும் பொத்தானும் பேஸின் முதுகில் கோடு போட்டுவிடும், விற்காத சரக்கில் கோடு விழுந்தால் கடைக்காரருக்குத்தான் நஷ்டம். ஊட்டிக் கடையிலேயே பார்க்கிறீர்கள், டிசம்பர் ஜனவரி காலை என்றால், ஒரு டீ குடித்து விரல்களை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடங்குங்கள். விறைத்த விரலுக்கு எந்த பேஸும் கடினமாகத்தான் தெரியும்.

நீங்களாகவே சுவரிலிருந்து எடுக்க வேண்டாம், இறக்கித் தரச் சொல்லுங்கள். முதலில் உட்கார்ந்து மடியில் வையுங்கள். அப்புறம் ஸ்ட்ராப் கேட்டு வாங்கி, நின்று மாட்டிப் பாருங்கள். மாட்டியதும் இடது கையை மெதுவாக விடுங்கள். தலைப்பகுதி தானாகக் கீழே சரிந்தால் அது நெக் கனமான பேஸ். இரண்டு மணி நேரம் வாசித்தால் இடது கை கம்பியை அழுத்துவதோடு நெக்கைத் தூக்கிப் பிடிக்கும் வேலையும் பார்க்க வேண்டியிருக்கும். கொஞ்சம் சரிந்தால் பரவாயில்லை, சொரசொரப்பான அகல ஸ்ட்ராப் போட்டால் நின்றுவிடும். வேகமாகத் தலை குப்புறக் கவிழ்ந்தால் அடுத்ததைக் கேளுங்கள். பேஸ் ஒன்று மூன்றரை முதல் நாலரை கிலோ வரை இருக்கும், தோளுக்கு எது தாங்கும் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும்.

நெக்கின் அகலத்தையும் இப்போதே உணர்ந்துகொள்ளுங்கள். ப்ரிசிஷன் வகையில் தலைப்பக்கம் 41 முதல் 43 மில்லிமீட்டர் வரை அகலமாக இருக்கும். 1960இல் வந்த ஜாஸ் பேஸ் வகையில் 38தான், கைக்கு ஒல்லியாக அடங்கும். எது நல்லது என்று யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது. கட்டைவிரல் நெக்கின் பின்னால் எங்கே போய் இயல்பாக உட்கார்கிறது என்று பாருங்கள், அதுதான் விடை.

நெக்கைப் பார்ப்பது

இங்கே அவசரப்படாதீர்கள். கடைக்காரர் "செருகட்டுமா தம்பி?" என்று கேபிளை நீட்டுவார். "ஒரு நிமிஷம்ணா" என்று சொல்லிவிட்டு இதை முடியுங்கள்.

பேஸின் அடிப்பகுதியைத் தரைப்பக்கம் வைத்து, தலைப்பக்கத்திலிருந்து நெக்கின் ஓரத்தை, ஆசாரி சட்டத்தைப் பார்ப்பதுபோல் ஒற்றைக் கண்ணால் பாருங்கள். தடித்த கம்பிப் பக்கம் ஒரு முறை, மெல்லிய கம்பிப் பக்கம் ஒரு முறை. இரண்டு ஓரமும் ஒரே மாதிரி போக வேண்டும். ஒரு பக்கம் நேராகவும் மறு பக்கம் வளைந்தும் போனால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் அந்த பேஸில் ஒன்றும் பார்க்க வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் சரி.

இரண்டு ஓரமும் ஒரே அளவில் லேசாக வளைந்திருந்தால் பயப்பட வேண்டாம். கம்பி அதிர இடம் வேண்டுமென்பதால் நெக்கில் ஒரு சின்ன வளைவு இருக்கத்தான் வேண்டும். அது எவ்வளவு என்று பார்க்க, ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டில் இடது கையால் அழுத்துங்கள். அதே கம்பியை நெக் உடலோடு சேரும் இடத்திலுள்ள ஃப்ரெட்டில் வலது கையால் அழுத்துங்கள். இப்போது கம்பியே நேரான அளவுகோலாகிவிடும். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் சரியான அளவு. நண்பர் கூட இருந்தால் கார்டை அவர் நுழைத்துப் பார்க்கட்டும், உங்கள் இரண்டு கையும் கம்பியில் இருக்கும். இடைவெளியே இல்லை, கம்பி ஃப்ரெட்டில் படுத்துக்கிடக்கிறது என்றாலும், இரண்டு மூன்று கார்டு தாராளமாக நுழைகிறது என்றாலும் ட்ரஸ் ராடைத் திருப்ப வேண்டும்.

ட்ரஸ் ராட் என்பது நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி. அதை இறுக்கினால் நெக் பின்னால் நிமிரும், தளர்த்தினால் கம்பியின் இழுப்புக்கு முன்னால் வளையும். மலையில் இருப்பவர்களுக்கு பேஸின் மிக முக்கியமான உறுப்பு இதுதான் என்பேன். நீலகிரியின் மேற்குப் பக்கத்தில் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை கொட்டும். நடுவில் மூடுபனி. ஜனவரி, பிப்ரவரியில் உறைபனி விழுந்து காற்று காய்ந்துபோகும். இத்தனையையும் அந்த மரம் ஒரே வருடத்தில் தாங்க வேண்டும். ஒரு நெக் முன்னால் வளையும், இன்னொன்று பின்னால் போகும், அது கட்டைக்குக் கட்டை மாறும். எப்படிப் போனாலும் ராட் வேலை செய்தால் சரிசெய்துவிடலாம். ஆகவே கடைக்காரரிடம் கேளுங்கள்: "அண்ணா, ட்ரஸ் ராடைக் கால் சுத்து திருப்பிக் காட்டுறீங்களா?" நல்ல கடையில் ஆலன் கீ எடுத்துவந்து செய்துகாட்டுவார்கள். இரண்டு பக்கமும் திரும்ப வேண்டும். ஏற்கெனவே முழுக்க இறுக்கி வைத்திருந்தாலோ, கீ பிடிக்காமல் வழுக்கினாலோ விட்டுவிடுங்கள். அந்த ஆலன் கீ பேஸோடு வருமா என்பதையும் கேட்டு வையுங்கள். கடை பேஸின் ராடை நீங்களே திருப்பாதீர்கள்.

அடுத்து ஃப்ரெட் முனைகள். நெக்கின் இரண்டு ஓரத்திலும் உள்ளங்கையை மேலும் கீழும் மெதுவாக ஓட்டுங்கள். ஏசி ஓடும் ஷோரூமில் மாதக்கணக்கில் தொங்கிய பேஸில் மரம் காய்ந்து சுருங்கியிருக்கும். ஆனால் ஃப்ரெட் உலோகம், அது சுருங்காது, முனை வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும். லேசாக நெருடினால் ராவி விடச் சொல்லலாம், பெரிய வேலையில்லை. ரத்தம் வருமளவுக்கு இருந்தால் அந்த மரம் சரியாகப் பதப்படாதது என்று எடுத்துக்கொள்ளுங்கள், மலையின் ஈரத்தில் அது இன்னும் ஆட்டம் காட்டும்.

கம்பியின் உயரத்தை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 12ஆவது ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து கம்பியின் அடிவரை, ஈ கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர், ஜி கம்பிக்கு இரண்டு மில்லிமீட்டர் என்ற கணக்கில் இருந்தால் புதியவர் கைக்கு இதமாக இருக்கும். நான்கு மில்லிமீட்டர் இருந்தாலும் உடனே ஒதுக்க வேண்டாம். உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் பாலத்தில் (பிரிட்ஜில்) இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் திருப்பினால் கம்பி இறங்கும். இறக்கித் தரச் சொல்லி, இறக்கியபின் வாசித்துப் பாருங்கள்.

ஃப்ரெட் பலகை என்ன மரம் என்று கடைக்காரரிடம் கேட்டால் ரோஸ்வுட், லாரல், மேப்பிள் என்று ஏதாவது சொல்வார். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு ரோஸ்வுட் வேறு யாருமில்லை, நம் ஈட்டி மரம்தான். ஈட்டி இனத்துக்கு 2017இல் உலக அளவில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்தது, விலை குறைந்த கிட்டார் செய்பவர்கள் பலர் வேறு மரங்களுக்குப் போனார்கள். 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள், ஆனாலும் போனவர்களில் பலர் திரும்பவில்லை. இந்தியன் லாரல் என்று போட்டிருந்தால் அது கருமருது. முதல் பேஸுக்கு இதில் எது இருந்தாலும் ஒன்றுதான், மரத்தின் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஆம்ப் இல்லாமல் வாசிப்பது

ட்யூனரைத் தலையில் மாட்டி நான்கு கம்பியையும் சுருதி சேருங்கள். கடையில் எப்போதும் சுருதி இறங்கித்தான் இருக்கும், சுருதி சேராத பேஸை எடைபோட முடியாது. ஈ கம்பியைச் சில ட்யூனர்களும் போன் ஆப்களும் சரியாகப் பிடிக்காமல் முள் அலையும். அப்போது 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டுங்கள், மணி போன்ற மேல் சுரம் ஒன்று வரும். அதை வைத்துச் சேர்க்கலாம்.

கம்பியின் நிலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். கறுத்துப்போய், விரலில் துருவாடை ஏறும் கம்பி என்றால் ஒலி மங்கலாகத்தான் வரும், அது பேஸின் குற்றமில்லை. ஆனால் நல்ல செட் ஒன்று ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும், பேரம் பேசும்போது அதை ஞாபகம் வையுங்கள்.

இப்போது ஒரு மூலையில் உட்கார்ந்து, பேஸின் மேல் விளிம்பைத் தாடையில் லேசாக ஒட்டவைத்து வாசியுங்கள். எலும்பு வழியாகவே ஒலி கேட்கும், பக்கத்தில் யார் ட்ரம்ஸ் அடித்தாலும் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி, ஒரே பலத்தில் மீட்டி, சுரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேளுங்கள். இருபது ஃப்ரெட், நான்கு கம்பி, எண்பது சுரம். பத்து நிமிடம் ஆகும். கடைக்காரர் விசித்திரமாகப் பார்த்தாலும் பரவாயில்லை, முழுக்கச் செய்யுங்கள்.

எதற்கு இவ்வளவு? சில இடங்களில் சுரம் எழுந்ததும் சட்டென்று செத்துப்போகும். கம்பியின் அதிர்வும் நெக்கின் சொந்த அதிர்வும் ஒத்துப்போகும் இடத்தில் நெக் அந்தச் சக்தியை விழுங்கிவிடும், கம்பிக்கு ஒன்றும் மிஞ்சாது. டெட் ஸ்பாட் என்பார்கள். ஜி கம்பியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட்டுக்குள் இது அடிக்கடி வரும். கொஞ்சமாவது இல்லாத பேஸ் அபூர்வம், விலை உயர்ந்தவற்றிலும் உண்டு. பக்கத்துச் சுரம் நாலு விநாடி நிற்கும்போது இது மூன்று நின்றால் போகட்டும். ஒரு விநாடியிலேயே அணைந்துபோனால், அதே மாடலில் இன்னொன்றை எடுத்து அதே இடத்தில் ஒப்பிடுங்கள். ஒரே மாடல், ஒரே விலை, ஒரே நிறம் என்றாலும் இந்த விஷயத்தில் இரண்டு பேஸ் ஒன்றுபோல் இருக்காது. மலை இறங்கிப் போனதன் பலனே இந்த ஒப்பீடுதான்.

கரகரவென்று ஃப்ரெட் இரையும் ஒலியும் இப்போதே கேட்கும். மெல்ல மீட்டும்போதும் இரைந்தால் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் பரவலாக இரைந்தால் செட்டிங்கில் போய்விடும். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் இரைந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் உயர்ந்திருக்கிறது, அதைத் தேய்த்துச் சரிசெய்யக் கைதேர்ந்தவர் வேண்டும்.

அடுத்து சுருதிச் சோதனை. ஜி கம்பியைச் சும்மா மீட்டுங்கள். அதே ஜி சுரம் டி கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டில், ஏ கம்பியின் பத்தாவது ஃப்ரெட்டில், ஈ கம்பியின் பதினைந்தாவது ஃப்ரெட்டில் இருக்கிறது. நான்கையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். குரலின் தடிமன் மாறும், மெல்லிய கம்பியில் கணீரென்றும் தடித்த கம்பியில் உருண்டும் வரும். சுரம் மாறக் கூடாது. ட்யூனர் முள் ஓர் இடத்தில் நன்றாக விலகினால் பாலத்தில் கம்பியின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். அது கடையிலேயே ஐந்து நிமிட வேலை, செய்து தரச் சொல்லலாம்.

ஆம்ப்பில் செருகும்போது

பேஸ் ஆம்ப்பிலேயே செருகுங்கள். கிட்டார் ஆம்ப்பில் சத்தமாக பேஸ் வாசித்தால் அதன் ஸ்பீக்கர் தாங்காது. ஆம்ப்பின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, கேபிளை மாட்டி, அப்புறம் மெதுவாக ஏற்றுங்கள். ஆம்ப்பில் கீழ், நடு, மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் பேஸ், மிட், ட்ரெபிள் குமிழ் மூன்றும் நடுவில். கடைகளில் பேஸ் குமிழை முழுக்க ஏற்றியே வைத்திருப்பார்கள், அதில் எல்லாக் கருவியும் ஒரே மாதிரி கும்மென்றுதான் கேட்கும்.

ஈ கம்பியின் ஒலியலை காற்றில் எட்டு மீட்டருக்கு மேல் நீளமானது. சின்னக் கடைக்குள் அது சுவரில் பட்டுத் திரும்பி, ஓர் இடத்தில் பெருகும், ஓர் இடத்தில் காணாமல் போகும். ஆம்ப் மூலையில் இருந்தால் இன்னும் மோசம். நண்பரைக் கொஞ்சம் நடந்துகொண்டே கேட்கச் சொல்லுங்கள், அல்லது அவர் வாசிக்க நீங்கள் நடங்கள். கடையில் கேட்ட அந்தப் பெரிய அதிர்வு வீட்டுக்கு வராது என்பதையும் இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டு பேஸை ஒப்பிடுவதென்றால் ஒரே ஆம்ப், ஒரே குமிழ் நிலை, நீங்கள் நிற்கும் இடமும் ஒன்றே.

பேஸில் உள்ள குமிழ்களை ஒவ்வொன்றாக முழுக்கத் திருப்புங்கள். சரசரவென்றால் தூசி, க்ளீனர் அடித்தால் போய்விடும். ஒலி விட்டுவிட்டு வந்தால் வயரிங், அதைச் சரிசெய்து தந்தபின் மறுபடி பாருங்கள். கேபிள் செருகிய இடத்தை மெல்ல ஆட்டினால் சத்தம் அறுபடக் கூடாது. ஜாஸ் வகையில் இரண்டு பிக்கப்புக்கும் தனித்தனி வால்யூம் இருக்கும். இரண்டும் முழுக்க இருக்கும்போது இரைச்சல் அடங்கி, ஒன்றைக் குறைத்ததும் லேசாக "ம்ம்ம்" என்று வந்தால் அது அந்த வகையின் இயல்பு. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் கூடினால் எர்த்திங் சரியில்லை, கடையின் ப்ளக் பாயின்ட்டா பேஸா என்று வேறு பேஸ் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆக்டிவ் பேஸ் என்றால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கும். ஒலி சப்பையாக இருந்தால் முதலில் பேட்டரியை மாற்றிக் கேளுங்கள். வாங்கியபின், வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். செருகியே விட்டால் வாசிக்காவிட்டாலும் பேட்டரி தீரும்.

என்ன வாசிப்பது? பேஸ் கலைஞர் மோகினி டே வாசிப்பதைப் பார்த்துவிட்டு ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிப்பது) அடிக்க ஆசை வருவது நியாயம்தான். கடையில் அது வேண்டாம், அந்தச் சத்தத்தில் கருவியின் குறை தெரியாது. ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் ஜி, ஏ கம்பியின் ஐந்தாவதில் டி, டி கம்பியின் ஐந்தாவதில் மேல் ஜி. இந்த மூன்றையும் மெதுவாக, ஒரே தாளத்தில், இடைவெளி விட்டு வாசியுங்கள். அதாவது சட்ஜமம், பஞ்சமம், மேல் சட்ஜமம். சினிமாப் பாட்டோ ஞானப்பாட்டோ, பாதிப் பாடலை இதை வைத்தே தாங்கிவிடலாம். நண்பர் கிட்டாரில் கார்டு பிடிக்க, நீங்கள் வாய்விட்டுப் பாடிக்கொண்டே வாசியுங்கள். பாட்டோடு சேரும்போது உங்கள் கை எந்த பேஸில் சிரமப்படவில்லையோ, அதுதான் உங்கள் பேஸ். இளையராஜா பாடல்களில் பேஸ் எப்படித் தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டே போகிறது என்று வீட்டில் ஹெட்போனில் கேட்டுவிட்டுப் போயிருந்தால், எந்த ஒலியைத் தேடுகிறீர்கள் என்பதும் உங்களுக்கே தெரியும்.

பில் போடும்போது

நீங்கள் வாசித்துப் பார்த்த அதே பேஸைத்தான் வாங்க வேண்டும். "உள்ள புது பீஸ் இருக்கு, பெட்டியோட தர்றேன்" என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள், ஆனால் அந்த நெக்கை நீங்கள் பார்க்கவில்லை. வேண்டுமானால் அதையும் பிரித்து, முதலிலிருந்து எல்லாம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சீரியல் நம்பரை பில்லில் எழுதச் சொல்லுங்கள். கம்பி உயரம், ட்ரஸ் ராட் சரிசெய்வது ஒரு முறையாவது இலவசமா, எத்தனை மாதத்துக்குள் என்று கேட்டு அதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். இரண்டாயிரம் ரூபாய் தள்ளுபடியைவிட மலைக்காரருக்கு இது பெரிது.

ஆன்லைனில் வாங்கியே தீர வேண்டிய நிலை என்றால் பார்சல் வந்த அன்றே இத்தனை சோதனையையும் வீட்டில் செய்யுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் முடிவு எடுக்க வேண்டும்.

மேலே கொண்டுவருவது

பேஸ் ஏறத்தாழ நாலடி நீளம், பஸ்ஸில் மேலே உள்ள கம்பித் தட்டில் நிற்காது. மேட்டுப்பாளையம் தாண்டினால் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவு. சன்னலோர சீட் பிடித்து, முழங்கால்களுக்கு நடுவே நிமிர்த்தி, தலைப்பகுதியைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். காரில் என்றால் டிக்கியில் வைக்க வேண்டாம், பின் சீட்டில் முதுகுப்புறம் கீழே இருக்கும்படி படுக்க வையுங்கள். கம்பியை முழுக்கத் தளர்த்தத் தேவையில்லை.

வீடு வந்ததும் உடனே பையைத் திறக்காதீர்கள். கீழே வெயிலில் இருந்த மரம் மெதுவாகக் குளிரட்டும், ஒன்றிரண்டு மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும். பிற்பாடு கச்சேரிக்காகக் கோவைக்கு எடுத்துப்போகும்போது இதைவிடக் கவனம் தேவை. குளிர்ந்த கம்பியில் கீழே உள்ள வெப்பக் காற்றின் ஈரம் படிந்து வியர்க்கும். துடைத்துவிட்டு வாசியுங்கள், இல்லையென்றால் ஒரே வாரத்தில் துரு பிடிக்கும்.

வெளிச்சுவரில் ஆணி அடித்து மாட்டாதீர்கள். மழைக்காலத்தில் அந்தச் சுவரில் ஓதம் ஏறும். ரூம் ஹீட்டர், கணப்பு பக்கத்திலும் கூடாது. உள்சுவர் ஓரம் ஸ்டாண்டில் வைக்கலாம், அல்லது பையில் நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வைக்கலாம். பொட்டலங்களை அவ்வப்போது மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறை வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் கம்பியை மேலும் கீழும் துடையுங்கள்.

இரண்டு வாரம் கழித்து விசிட்டிங் கார்டை எடுத்து, முதல் ஃப்ரெட்டிலும் நெக் உடலோடு சேரும் இடத்திலுள்ள ஃப்ரெட்டிலும் அழுத்திப் பார்த்த அந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள். மரம் மலைக்காற்றுக்குப் பழகியிருக்கும், இடைவெளி மாறியிருக்கலாம். இப்போது ட்ரஸ் ராடைத் திருப்பலாம்: இடைவெளி கூடியிருந்தால் கடிகார முள் சுற்றும் திசையில், குறைந்திருந்தால் எதிர்த்திசையில், கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பிவிட்டு ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். கை நடுங்கினால் கடைக்கு வீடியோ கால் போட்டு, அவர் சொல்லச் சொல்லச் செய்யுங்கள். அதன்பின் மழை தொடங்கும் ஜூனில் ஒரு முறை, மழை ஓய்ந்து பனி இறங்கும் ஜனவரியில் ஒரு முறை பார்த்தால் போதும்.